பனிக்கு முன்னாடி ஜப்பான் மலை ஊர்கள்: அப்பாவோட ஒரு இலையுதிர் காலப் பயணம்

அக்டோபர் 29, மகோமே – த்சுமாகோ

காலைல நாகோயால சுவோ லைன் ரயில் ஏறி நகாட்சுகவால எறங்கி, ஸ்டேஷன் வாசல்லயே நிக்கிற பஸ்ஸ புடிச்சா அரை மணி நேரத்துல மகோமே வந்துடுது. பெரிய பையெல்லாம் அங்க இருக்கிற டூரிஸ்ட் ஆபீஸ்ல குடுத்துட்டா சாயங்காலம் த்சுமாகோல போய் வாங்கிக்கலாம், அதனால வெறும் தண்ணி பாட்டிலும் ஸ்வெட்டரும் மட்டும் எடுத்துகிட்டு நானும் அப்பாவும் நடக்க ஆரம்பிச்சோம். அப்பா வாழ்க்கை பூரா மரவேலை பாத்தவர், நிலை, கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம். ஜப்பான் போலாம்னு சொன்னப்ப டோக்கியோ வேணாம், மரத்துல கட்டுன ஊரா பாத்து கூட்டிட்டுப் போன்னு கேட்டார், ரூட்டு அப்படியே அமைஞ்சுது.

இந்த வழி பழைய நகசெண்டோ. எடோவுல இருந்து (இப்ப டோக்கியோ) கியோட்டோ வரைக்கும் மலைக்குள்ளயே போற ரோடு, கிட்டத்தட்ட 530 கிலோமீட்டர், நடுவுல 69 தங்கல் ஊர். மகோமே 43ஆவது, த்சுமாகோ 42ஆவது. 1861ல கசுனோமியா இளவரசி ஷோகுன (அப்ப நாட்ட ஆண்ட ராணுவத் தலைவர்) கல்யாணம் பண்ணிக்க எடோவுக்கு போனது இந்த ரோட்டுலதான். இப்ப அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கிற 8 கிலோமீட்டர நடக்கத்தான் உலகம் பூராவுல இருந்தும் ஆளுங்க வராங்க. மகோமேல இருந்து த்சுமாகோ பக்கம் நடக்குறதுதான் நல்லது, கணவாய் வரைக்கும் கொஞ்சம் ஏத்தம், அப்புறம் பெரும்பாலும் எறக்கம்தான், வயசானவங்களோட போறவங்க இத மனசுல வச்சுக்கோங்க.

மகோமே தெருவே ஒரு சரிவு. கல்லு பாவுன ரோடு, ரெண்டு பக்கமும் வாய்க்கால்ல தண்ணி ஓடுது, ஒரு வளைவுல தண்ணிச் சக்கரம் சுத்துது. 1895லயும் 1915லயும் பெரிய தீ புடிச்சு ஊரே எரிஞ்சு போச்சு, இப்ப நாம பாக்கறது பெரும்பாலும் அதுக்கப்புறம் கட்டுனது. மேல காட்சி மேடைல நின்னா 2,191 மீட்டர் எனா மலை நேரா தெரியுது, அதோட தோள் பூரா செவப்பும் மஞ்சளும், கீழ வர வர இன்னும் பச்ச. இங்க இலை நிறம் மேல இருந்துதான் எறங்கும், அதனால ஒரே நாள்ல மேல போனா முடிஞ்சுபோன காலம், கீழ வந்தா இன்னும் தொடங்காத காலம்னு ரெண்டையும் பாத்துடலாம்.

காட்டு வழில அங்கங்க ஒரு மணி தொங்குது, கரடி வராம இருக்க நல்லா அடிச்சுட்டுப் போங்கன்னு பக்கத்துல போர்டு. அப்பா ஒண்ணக்கூட விடல. அந்தக் காடு ஹினோகி (ஜப்பான் சைப்ரஸ்) மரக் காடு. ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்துல இந்த கிசோ பள்ளத்தாக்குல ஹினோகி உட்பட அஞ்சு வகை மரத்த வெட்டக்கூடாதுன்னு இந்தப் பக்கத்த ஆண்ட ஒவாரி பிரபுக்களோட ஆட்சி தடை போட்டு வச்சிருந்துச்சு, மீறி வெட்டுனா தலையே போயிடும். இவ்ளோ கடுமையா காத்ததாலதான் இன்னிக்கும் கிசோவுல நல்ல மரம் நிக்குது, 20 வருஷத்துக்கு ஒரு தடவ புதுசா கட்டுற இசே கோயிலுக்கும் இங்க இருந்து மரம் போகுது. அப்பா ஒரு மரத்துல கைய வச்சு, "இவ்ளோ நேரா வளர்ந்த மரம் நான் கையாண்டதே இல்லம்மா"ன்னார்.

பாதி வழில ஒரு பழைய டீ வீடு, உள்ள நடுத் தரைல குழி வெட்டி விறகு எரியுது (இரோரின்னு சொல்றாங்க), ஊர்க்காரர் ஒருத்தர் எல்லாருக்கும் சும்மாவே டீ குடுக்கறார், விருப்பப்பட்டா பொட்டில காசு போடலாம். நாங்க போனப்ப வாசல்ல ஒரு பாட்டி பெர்சிமன் பழத்த தோல் சீவி கயித்துல கோத்துகிட்டு இருந்தாங்க, பின்னாடி சுவத்துல கூரை உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்துச்சு. எல்லாம் பனிக்காலத்துக்கான ஏற்பாடு. இலை பாக்கத்தான் வந்தோம், ஆனா இங்க இருக்கறவங்களுக்கு இது வேலை பாக்கற சீசன்னு அங்கதான் மொதல்ல புரிஞ்சுது.

அக்டோபர் 30, த்சுமாகோ – தகாயாமா

த்சுமாகோவ காலைல ஆறரைக்கு பாக்கணும், அதுக்காகவே ஊருக்குள்ள ராத்திரி தங்கணும். பகல்ல முக்கியத் தெருவுல காருக்கு அனுமதி இல்ல, கரண்ட் கம்பியெல்லாம் வீட்டுக்கு பின்னாடி கொண்டு போயிட்டாங்க, அதனால தெருவோட இந்தக் கோடில நின்னு அந்தக் கோடி வரைக்கும் பாத்தாலும் கண்ண உறுத்துற ஒரு பொருள் கெடையாது.

இது தானா நடந்ததில்ல. ரயிலும் ஹைவேயும் வந்தப்புறம் நகசெண்டோவுல நடக்க ஆளே இல்லாம, பொழப்பு தேடி ஜனங்க ஊர விட்டே போயிட்டு இருந்தாங்க. அப்ப இருந்தவங்க கூடிப் பேசி 1971ல ஒரு உறுதி எடுத்தாங்க: வீட்ட விக்கிறதில்ல, வாடகைக்கு விடுறதில்ல, இடிக்கிறதில்ல. 1976ல அரசாங்கம் மொதமொதல்ல பாதுகாப்புப் பகுதின்னு சில ஊர்கள அறிவிச்சப்ப த்சுமாகோ அதுல இருந்துச்சு. மத்த ஊரெல்லாம் பழச இடிச்சுட்டு காங்கிரீட்டுக்கு மாறிட்டு இருந்த வருஷங்கள்ல, வருமானமே இல்லாத ஒரு மலை ஊர் இப்படி முடிவு எடுத்திருக்குன்னா அதுக்கு எவ்ளோ நெஞ்சுரம் வேணும்னு நெனச்சு பாருங்க.

வாகி-ஹோன்ஜின் (பெரிய மனுஷங்க தங்குறதுக்கான ரெண்டாவது விடுதி) ஒகுயாங்கிற வீட்ட விட்டுடாதீங்க. 1877ல முழுக்க ஹினோகிலயே கட்டுனது, தடை நீங்குன உடனே இத்தன நாள் தொட முடியாத மரத்துல வீடு கட்டிட்டாங்க. உள்ள இரோரி புகை மேல போகுது, மேக்குப் பக்கம் இருக்கிற கம்பி ஜன்னல் வழியா வர்ற சூரியன் அந்தப் புகைல பட்டு வரிவரியா தரைல விழுது, சூரியன் சாஞ்சு வர்ற இந்தக் குளிர் மாசங்கள்லதான் அது நல்லா தெரியும். தெனமும் தொடைச்சு தொடைச்சே கண்ணாடியா மின்னுற உத்தரத்த பாத்துட்டு, இதுக்கு பாலிஷே அடிக்கலியான்னு அப்பா கேட்டார். புகையும் துணியும்தான்னு வீட்ட பாத்துக்கற அம்மா சைகைல காட்டுனாங்க.

தகாயாமா போற ரயில் கொஞ்சம் மாத்தி மாத்தி ஏறணும், நகிசோ, நகாட்சுகவா, தாஜிமி, மினோ-ஒட்டா, அங்க இருந்து ஹிடா எக்ஸ்பிரஸ். மினோ-ஒட்டா தாண்டுனதும் ரயில் ஹிடா ஆத்த ஒட்டியே போகுது, ஆறு ஒரு தடவ இந்தப் பக்கம் ஒரு தடவ அந்தப் பக்கம், பாறையெல்லாம் வெள்ளையா, தண்ணி பச்சையா, கெரோ தாண்டுனதும் செவப்பு அதிகமாச்சு. அப்பா தூங்கவே இல்ல.

அக்டோபர் 31, தகாயாமா

காலைல கைய பாக்கெட்ல இருந்து எடுக்க முடியாத குளிர். மியாகவா ஆத்தங்கரை சந்தை ஏழு மணிக்கெல்லாம் தொடங்கிடுது, பக்கத்து கிராமத்து அம்மாக்கள் ஆப்பிள், பெர்சிமன், செவப்பு டர்னிப், அதுல போட்ட ஊறுகாய்னு பரப்பி வச்சிருக்காங்க. வெங்காயம் அளவுல இருக்கிற அந்த டர்னிப் ஊறுகா கொஞ்சம் புளிப்பா கரகரன்னு, அப்பாவுக்கு ரொம்ப புடிச்சுபோச்சு.

சாப்பாடு பத்தி இங்கயே சொல்லிடறேன், ஏன்னா அப்பா மீன் தொடமாட்டார். ஜப்பான்ல சூப், சாஸ், காய்கறிக் குழம்பு முக்கால்வாசில தாஷின்னு ஒரு சாறு இருக்கும், பெரும்பாலும் அது காய்ஞ்ச மீன்ல எடுத்தது. மெனுல காய்கறின்னு போட்டிருந்தாலும் கேட்டுக்கணும். எங்களுக்கு கை குடுத்தது இந்த ஊரு தாங்கோ (அரிசி மாவு உருண்டைய குச்சில குத்தி சுட்டது, மத்த ஊர்ல இனிப்பா இருக்கும், இங்க வெறும் சோயா சாஸ்தான்), வெள்ள சோறு, டோஃபு, அப்புறம் காய்ஞ்ச மக்னோலியா இலைல மிசோவ (புளிக்க வச்ச சோயா விழுது) தடவி கரி அடுப்பு மேல வச்சு சுடுற ஹோபா மிசோ. சாப்பிடறதுக்கு முன்னாடியே வாசன வயித்த கிள்ளுது.

இப்ப மரம். ஹிடாங்கிற இந்த மலைநாட்டுல வயல் கம்மி, வரி கட்ட விளைச்சல் இல்ல. அதனால 8ஆம் நூற்றாண்டுச் சட்டத்துலயே இவங்களுக்கு தனி ஏற்பாடு, வரிக்கு பதிலா தச்சர்கள தலைநகருக்கு அனுப்பணும், 50 வீட்டுக்கு 10 பேர். நாரா, கியோட்டோ கோயில் அரண்மனை வேலைகள்ல எல்லாம் இந்த ஹிடா தச்சர்களோட கை இருக்கு. இத அப்பாகிட்ட சொன்னப்ப அவர் நடந்துட்டு இருந்தவர் நின்னுட்டார். தச்சு வேலைய வரியா ஏத்துகிட்ட ஒரு சர்க்கார்னு அவருக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியத்தோட கொஞ்சம் வருத்தமும் இருந்துச்சு, மலைய விட்டு அவ்ளோ தூரம் போனவங்க எத்தன பேர் திரும்பி வந்திருப்பாங்களோ.

தகாயாமா ஜின்யா, ஷோகுன் ஆட்சியோட ஆபீஸ். 1692ல இந்தப் பிரதேசத்த ஷோகுன் நேரடியா எடுத்துகிட்டதுல தொடங்கி 1868 வரைக்கும் இங்க இருந்துதான் ஆட்சி, காரணம் மரமும் சுரங்கமும். அப்புறமும் 1969 வரைக்கும் சர்க்கார் ஆபீஸாவே ஓடுனதாலதான் கட்டடம் தப்பிச்சுது. நாடு பூரா இருந்த இந்த மாதிரி ஆபீஸ்கள்ல முக்கியக் கட்டடம் மிச்சம் இருக்கிறது இங்க மட்டும்தான். உள்ள ஆணித் தலைய மறைக்க முயல் வடிவத்துல மூடி போட்டிருக்காங்க, குனிஞ்சு தேடுனாதான் கண்ணுக்கு படும், அப்பா ஒவ்வொண்ணா எண்ணிகிட்டே வந்தார்.

பழைய வீடுங்க இருக்கிற சன்மாச்சி தெருக்கள்ல பத்து மணிக்கு மேல நடக்க இடமில்ல, அதனால வடக்க இருக்கிற யோஷிஜிமா வீட்டுக்கு போயிட்டோம். சாராயம் காய்ச்சுன வியாபாரி வீடு, 1907ல கட்டுனது. உள்ள நொழஞ்சதும் கூரை வரைக்கும் தெறந்த கூடம், தூணும் உத்தரமும் குறுக்கும் நெடுக்குமா போகுது, மேல ஒரு ஜன்னல்ல இருந்து வெளிச்சம் மெதுவா எறங்குது. அப்பா தரைல உக்காந்துட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்திருப்போம். "இந்த இணைப்ப பாரு, மரம் காஞ்சு சுருங்க சுருங்க இறுகிக்கிற மாதிரி வச்சிருக்கான்"னு ஒண்ணொண்ணா காட்டுனார், நான் இத்தன வருஷமா அவர் பட்டறைல பாத்தும் கவனிக்காததெல்லாம் இங்க வந்து கத்துகிட்டேன்.

இலையுதிர் திருவிழா அக்டோபர் 9, 10. பதினோரு தேர் வரும். அது முடிஞ்சுதான் வந்தோம், ஆனா யத்தாய் (தேர்) மண்டபத்துல நாலு தேர் எப்பவும் நிறுத்தி வச்சிருக்காங்க, மாத்தி மாத்தி. தேர் செதுக்கு வேலை பாக்கவே அங்க போகலாம்.

நவம்பர் 1, ஷிரகாவா-கோ

தகாயாமால இருந்து பஸ் ஐம்பது நிமிஷம், வழியெல்லாம் சுரங்கப்பாதை, ஒரு சுரங்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் மட்டும் செவப்பு மலை. சீட் முன்கூட்டியே போடுற பஸ்ஸா பாத்து போட்டுடுங்க, இந்த வாரம் கூட்டம் அலமோதுது.

ஷிரகாவா-கோல எல்லாரும் பாக்க வர்றது ஒகிமாச்சி கிராமம், 1995ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது. வைக்கோல் கூரை மாதிரி தெரியறது உண்மைல காயாங்கிற மலைப் புல்லு. கூரைச் சரிவு கிட்டத்தட்ட 60 டிகிரி, பனி தங்காம வழிஞ்சுடணும்னு. எல்லா வீட்டுக் கூரையும் கிழக்கயும் மேக்கயும் சரியுது, முக்கோண முகப்பு வடக்கயும் தெக்கயும். பள்ளத்தாக்குல காத்து அந்தத் திசைலதான் அடிக்குது, அதோட கூரையோட ரெண்டு பக்கமும் வெயில் சமமா பட்டாதான் பனி உருகி புல்லு காயும்.

வாதா வீடு, 300 வருஷம் பழசு, 400 யென் டிக்கெட், இன்னும் அந்தக் குடும்பம் ஒரு பக்கம் குடியிருக்காங்க. மாடி மேல மாடியா பரண். அங்கதான் பட்டுப்புழு வளத்தாங்க, கீழ இரோரி சூடு மேல ஏறி பரண் வெதுவெதுப்பா இருக்கும், அந்தப் புகையே கூரைப் புல்லையும் கயித்தையும் பூச்சி அரிக்காம காக்கும். தரைக்கு அடில குழி வெட்டி மண்ணு, புல்லு, பட்டுப்புழு எச்சம் எல்லாம் போட்டு வருஷக்கணக்கா ஊற வச்சு வெடியுப்பு எடுத்தாங்க. ஒரே வீட்டுக்குள்ள மேல பட்டு, கீழ வெடிமருந்துக்கு உப்பு, நடுவுல குடும்பம்.

பரண்ல அப்பா முகத்த பாத்திருக்கணும். ஒரு ஆணி இல்ல, எல்லாம் கயிறும், முறுக்குன இளம் மரக்கொம்பும். முறுக்கிக் கட்டிட்டா காயக் காய இறுகிக்குது. கூரையோட பெரிய கைமரங்கள் அடில பென்சில் மாதிரி சீவி, கீழ உத்தரத்துல இருக்கிற குழில சும்மா நிக்குது, காத்தோ பூமி அதிர்ச்சியோ வந்தா கூரை கொஞ்சம் அசைஞ்சு குடுக்கும், முறியாது. அதவிட எனக்கு புடிச்சது ஒண்ணு: சரிவுல மொளைச்ச மரம் பனி பாரத்துல அடில வளைஞ்சுதான் வளரும், அந்த வளைவ வெட்டி எறியாம அப்படியே உத்தரமா வச்சிருக்காங்க. "கோணல் மரத்த நாங்க விறகுக்கு தள்ளிடுவோம்"னு மட்டும் அப்பா சொன்னார், அப்புறம் ரொம்ப நேரம் அந்த வளைவையே தடவிகிட்டு நின்னார். கீழ்க்கட்டு தச்சர் வேலை, மேல கூரைக் கட்டு ஊர்க்காரங்களே கட்டுறது.

கூரைய 30, 40 வருஷத்துக்கு ஒரு தடவ புதுசா வேயணும். 100 பேருக்கு மேல சேந்து வேய்வாங்க, கூலி கெடையாது. நீ என் கூரைக்கு வந்த, நான் உன் கூரைக்கு வரணும், அதுதான் யூயிங்கிற முறை. இந்தக் கிராமமும் 1971ல விக்காத, வாடகைக்கு விடாத, இடிக்காதன்னு உறுதி எடுத்த ஊர்தான், 1976 மொதல் பட்டியல்லயும் த்சுமாகோவோட சேந்தே இருந்துச்சு. புல்லுக் கூரைக்கு பெரிய எதிரி நெருப்பு. அதனால ஊர் பூரா 59 தண்ணிப் பீரங்கி வச்சிருக்காங்க, சிலத குட்டிக் கூரை போட்ட பொட்டிக்குள்ள மறைச்சிருக்காங்க. இலையுதிர் காலக் கடைசில எல்லாத்தையும் ஒரே நேரத்துல தெறந்து சரி பாப்பாங்க. சிகரெட் புடிக்க ஒதுக்குன இடம் தவிர எங்கயும் பத்த வைக்காதீங்க, குப்பத்தொட்டி கெடையாது, உங்க குப்பைய நீங்களே எடுத்துட்டுப் போங்க, யாரோட வாசலையும் எட்டிப் பாத்து போட்டோ எடுக்காதீங்க, இது மியூசியம் இல்ல, அவங்க வீடு.

நாலரைக்கு கடைசி பஸ்களோட கூட்டம் எல்லாம் போயிடுச்சு. 107 மீட்டர் தொங்கு பாலத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும். ராத்திரி அந்தக் கூரை ஒண்ணுக்கு கீழயே தங்கல், மாசக்கணக்குக்கு முன்னாடியே ரூம் போட்டுட்டேன். கழிப்பற பொதுதான், சுவர் மெல்லிசுதான், பக்கத்து ரூம்ல பேசறது கேக்கும், ஆனா தயவுசெஞ்சு தங்குங்க, பகல்ல வந்து மூணு மணி நேரத்துல கெளம்பிட்டா இந்த ஊரோட பாதிய பாக்காமயே போறீங்க.

நவம்பர் 2, ஐனோகுரா – கனாசவா

காலைல மூடுபனி விலகுனப்ப வீட்டுக்காரர் வீட்டச் சுத்தி பலகையும் புல்லுத் தட்டியும் கட்டிகிட்டு இருந்தார், பனி சுவத்துல மோதாம இருக்க. அப்பா போய் ஒரு நுனிய புடிச்சுகிட்டார். ரெண்டு பேருக்கும் பொது மொழி ஒரு வார்த்த இல்ல, ஆனா எங்க புடிக்கணும் எப்ப இழுக்கணும்னு சொல்ல வேண்டியே இருக்கல. முடிஞ்சதும் அவர் கயித்துல போட்ட முடிச்ச அவுத்து அப்பாவுக்காக மறுபடியும் மெதுவா போட்டுக் காட்டுனார்.

தகாவோகா போற பஸ்ல ஐனோகுரா-குசின்னு ஒரு ஸ்டாப், எறங்கி கொஞ்சம் ஏறி நடக்கணும். கொகாயாமா பகுதில இருக்கிற சின்ன கிராமம், புல்லுக் கூரை வீடு 20தான், இதுவும் அதே யுனெஸ்கோ பட்டியல். ஷிரகாவா-கோ கூட்டத்துல பத்துல ஒரு பங்கு கூட இங்க இல்லன்னு தோணுச்சு. கனாசவாவுல இருந்து ஆண்ட காகா பிரபுக்களோட காலத்துல இந்தப் பக்கம் நாடு கடத்துன ஆளுங்கள கொண்டு வந்து வைக்கிற எடம், தப்பிச்சு போகக்கூடாதுன்னு ஷோகவா ஆத்துல பாலமே கட்டல, ஆத்துக்கு மேல கட்டுன கயித்துல கூடைல தொங்கிகிட்டேதான் இந்தக் கரைல இருந்து அந்தக் கரைக்கு.

கிராமத்துக்கு பின்னாடி செங்குத்தா ஒரு காடு, இந்தப் பயணத்துலயே நான் பாத்த நல்ல நிறம் அங்கதான், பீச் (beech, பழ மரம் இல்ல) மரம் செம்பு நிறத்துல, நடுநடுவுல மஞ்சள். அது அழகுக்கு விட்ட காடு இல்ல. பனிச்சரிவு வீட்டு மேல எறங்காம தடுக்கற காடு, அங்க ஒரு மரத்த வெட்டக்கூடாதுங்கறது தலைமுறை தலைமுறையா ஊர்க் கட்டுப்பாடு. வீட்டு முன்னாடி வயல் ஓரத்துல அறுத்த காயா புல்ல கூம்பு கூம்பா நிறுத்திக் காய வச்சிருந்தாங்க, ஒரு அம்மா முள்ளங்கிய வரிசையா தொங்க விட்டுகிட்டு இருந்தாங்க. நிறம் பாக்கறதுன்னா நான் ஒரு கோயிலுக்கோ ஒரு தோட்டத்துக்கோதான் மக்கள அனுப்புவேன், இனிமே இங்க அனுப்புவேன்.

ஷின்-தகாவோகால இருந்து கனாசவாவுக்கு ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) ஒரே ஸ்டாப். உக்காந்து பைய வைக்கறதுக்குள்ள வந்துடுச்சு.

நவம்பர் 3, கனாசவா

இங்க இலை இன்னும் பாதிதான் மாறியிருக்கு, நவம்பர் நடுவுலதான் நல்லா இருக்கும். ஆனா நாங்க வந்தது கென்ரோகுஎன் தோட்டத்துல நவம்பர் 1ல தொடங்குற யுகித்சுரி பாக்க. கனாசவா பனி ஈரப் பனி, பாரம் ஜாஸ்தி, பைன் கிளை அப்படியே ஒடிஞ்சுடும். அதனால மரத்துக்கு நடுவுல உயரமா கம்பம் நட்டு, உச்சில இருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு எறக்கி கட்டுறாங்க. மொதல்ல கட்டுறது எப்பவுமே கராசாகி பைனுக்கு. கனாசவாவ ஆண்ட மாயேதா குடும்பத்தோட 13ஆவது பிரபு நரியாசு பிவா ஏரிக்கரைல இருந்து விதை கொண்டு வந்து வளத்த மரம், அதுக்கு மட்டும் அஞ்சு கம்பம், கிட்டத்தட்ட 800 கயிறு. டிசம்பர் நடுவு வரைக்கும் மத்த மரங்களுக்கும் கட்டிகிட்டே இருப்பாங்க, மார்ச்ல அவுத்துடுவாங்க, அடுத்த நவம்பர்ல மறுபடியும்.

உச்சில நிக்கிற ஆள் கயித்த வீசறார், கீழ இருக்கறவர் புடிச்சு கிளைல கட்டறார், இழுப்ப பாத்து கொஞ்சம் தளத்தறார். அதிகம் இழுத்தா கிளை மேல தூக்கிக்கும், கம்மியா இழுத்தா கட்டியும் பிரயோஜனம் இல்ல. லீவு நாளுங்கறதால கூட்டம் அதிகம், எல்லாரும் ரெண்டு கால் கல்விளக்கு பக்கம் போட்டோ எடுக்க வரிசைல நிக்கறாங்க, நாங்க மதியம் வரைக்கும் மரத்தடிலயே நின்னோம். ஷிரகாவா-கோல பாத்த முடிச்சுதானா இதுன்னு அப்பாவுக்கு சந்தேகம், ரெண்டையும் என் ஷூ லேஸ்ல போட்டு பாத்துட்டு இல்ல, இது வேற, இழுப்ப அப்புறமும் மாத்திக்கலாம்னு சொன்னார்.

நாள் கம்மியா இருக்கு, எத விடலாம்னு கேக்கறவங்களுக்கு: தகாயாமாவ அரை நாளா சுருக்கிக்கலாம், கனாசவாவ நவம்பர் மூணாம் வாரத்துக்கு தள்ளிக்கலாம், த்சுமாகோ ராத்திரியையும் ஐனோகுராவையும் விடாதீங்க. அக்டோபர் கடைசில போறதா இருந்தா கோடைலயே ரூம் போட்டுடுங்க. தடிமன் சாக்ஸ் நெறைய எடுத்துக்கோங்க, எல்லா வீட்டுலயும் செருப்ப வாசல்ல கழட்டணும், மரத் தரை ஜில்லுன்னு இருக்கும்.